தொட்ட காய்

சதுரங்கத் தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் அக்காவையும் தம்பியையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜெயிக்கிறவருக்கு அணியில் இடம். மற்றவர் வீட்டுக்குப் போகலாம். கூடத்து வாசலிலேயே அப்பா அவளை ஓரங்கட்டினார்.

"தம்பி சின்னவன், மனசு உடைஞ்சிடுவான். இந்த ஒரு தடவை விட்டுக்குடு."

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்ப்பா. இதான் கடைசி."

"நீ பெரியவ. புரிஞ்சுக்குவே."

தம்பி பிறந்த நாளிலிருந்து அவள் புரிந்துகொண்டுதான் இருக்கிறாள். சரி, தொலையட்டும் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

விஷயம் தம்பிக்கும் தெரிந்திருந்தது. அவன் யோசிக்கவே இல்லை. பெரிய துரை மாதிரிக் காலாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பட்டுப்பட்டென்று தட்டி ஆடினான். தோற்க வந்தவளுக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. அந்தத் தெனாவட்டில்தான், ராணிக்கு மறைப்பாக நின்ற குதிரையைக் கையில் தூக்கினான். தூக்கிய பிறகுதான் அவளுடைய யானை நேராக ராணியைக் குறிவைப்பது கண்ணில் பட்டது. சத்தமில்லாமல் குதிரையைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு சிப்பாயை நகர்த்தினான்.

"தொட்ட காயைத்தான் ஆடணும்," என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை; பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது.

அவன் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டான். "சார், நான் எதையும் தொடல. இவ சும்மா தொந்தரவு பண்றா."

நடுவர் சுற்றிலும் பார்த்தார். "யாராவது பாத்தீங்களா?"

பார்வையாளர்களைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கூசாமல் சொன்னார்: "அவன் தொடல சார். தோத்துடுவோம்னு இவளுக்குப் பதட்டம்."

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணாதம்மா," என்றுவிட்டு நடுவர் போய்விட்டார்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள். அதன் பிறகு ஈவிரக்கமே பார்க்கவில்லை. அவன் காலாட்டுவதை நிறுத்தினான், யோசிக்கத் தொடங்கினான், அதற்குள் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. "செக்மேட்" என்று அவள் சொன்னபோது அவனுக்குக் காது சிவந்திருந்தது.

வெளியே அப்பா கொதித்துக்கொண்டு நின்றார். "சொன்ன வார்த்தை என்னடி ஆச்சு? கூடப் பிறந்தவன் மேல அவ்வளவு பொறாமையா?"

"அவன் அந்தக் குதிரையை ஆடியிருந்தாக்கூட நான் ராணியை வெட்டியிருக்க மாட்டேன்ப்பா. தோக்கத்தான் உக்காந்தேன்."

"அப்புறம் என்ன?"

"நீங்க பொய் சொன்னீங்க."

பின்னால் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "நான் தொட்டேன்ப்பா," என்றான்.

"நீ சும்மா இரு," என்று அவனை அதட்டிவிட்டு அப்பா வண்டிச் சாவியைத் தேடினார்.