வானூர்தியின் வாலில் ஒரு காப்புநூல்

ஆவணி முழுநிலா நாளின் காலை. விடியுமுன் பெய்து ஓய்ந்த மழையால் சாபர்மதி செந்நீர் பெருக்கிக் கரையை உரசி ஓட, அதற்கப்பால் அகமதாபாத்தின் நூற்பாலைப் புகைபோக்கிகள் முகிலைத் தாங்கும் கரிய தூண்களென நிற்க, இப்பால் பரந்த புல்வெளியில், மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்திய வானூர்தி ஒன்று, பறக்க அஞ்சும் பெருந்தும்பிபோல் நனைந்த சிறகுகளுடன் காத்திருந்தது. வெள்ளையர் ஆண்ட அந்நாளில் நம்மவர் ஒருவர் தனியே வானேறுவது அந்நகருக்குப் புதுமையாகலின், மக்கள் வேலியோரம் திரண்டிருந்தனர்.

தனித்துப் பறக்கவிருந்தவன் ரமணிக். தாய் தந்தையரை இழந்த அவனைத் தன் மடியிலிட்டு வளர்த்த தமக்கை ஜசுமதி, தம்பி கையில் கட்ட ராக்கி எனும் காப்புநூலும் பேடா இனிப்பும் தட்டில் ஏந்தி வந்திருந்தாள்.

"கையை நீட்டுடா."

"இப்ப வேணாம்க்கா. கையில எதுவும் தொங்கக் கூடாதுன்னு பறக்கக் கத்துக்குடுத்த துரை கண்டிப்பாச் சொல்லிட்டாரு. இறங்கி வந்து கட்டிக்கிறேன். பேடாவை மட்டும் குடு!"

"தின்ன மட்டும் கை நீளுது பாரு!"

அவள் வாய் சிரித்தது, நெஞ்சு சிரிக்கவில்லை. காப்பு என்பது இடர் வருமுன் கட்டுவதன்றோ? அவன் தோலுடை அணியச் சென்றதும், எவரும் காணாமல் ஊர்தியின் பின்புறம் போய், வாலுக்கு ஓடும் கம்பி உடலைவிட்டு வெளிப்படும் சிறு துளையருகே, இறைவன் பெயரை முணுமுணுத்தபடி, முடிச்சின்மேல் முடிச்சிட்டு அச்செந்நூலை இறுகக் கட்டினாள்.

பின்னர்ப் பொறிவினைஞர் ஹபீப் வழக்கம்போல் ஊர்தியைச் சுற்றிவந்து தலையசைக்க, அது உறுமி ஓடி, நிலத்தை உதறி எழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

"பாய், இது எப்படித் திரும்பும்?" என்றார் வெற்றிலை மென்ற ஒருவர்.

"வாலுக்கு ஒரு கம்பி ஓடுதுல்ல? அதை இழுத்தாத் திரும்பும். அது வர்ற துளையில ஒரு கந்தல் சிக்கினாலும் போச்சு" என்றார் ஹபீப்.

அதைக் கேட்ட ஜசுமதி வானை நோக்கினாள். ஊர்தி ஆற்றின்மேல் நேரே போயிற்று. இன்னும் நேரே போயிற்று. திரும்பவில்லை. தன் விரல்களே தம்பியின் கழுத்தில் அம்முடிச்சுகளை இட்டனவென்று அவளுக்குத் தோன்றியது.

"என்னப்பா, மதியச் சாப்பாடு பரோடாவிலதான் போல!" என்று வெற்றிலைக்காரர் நகைக்க, அவள் ஓடிச்சென்று ஹபீப்பின் முன் விழுந்தாள்.

"பாய், நான் பாவி! அந்தக் கம்பியில ராக்கி கட்டிட்டேன். என் தம்பியை நானே கொன்னுட்டேன்!"

அவர் பதறி அவளை எழுப்பினார். பின், எண்ணெய்க் கறை படிந்த தம் சட்டைக் கையை மேலே சுருட்டினார். மணிக்கட்டில் அந்தச் செந்நூல் இருந்தது.

"பார்த்ததும் அவிழ்த்துட்டேன்மா. யாரோ ஆசையாக் கட்டினது, சேத்துல போட மனசு வரல. அதான் என் கையில சுத்திக்கிட்டேன்."

"அப்ப ஏன் திரும்ப மாட்டேங்குது?"

"ஆத்தைத் தாண்டித்தான் திரும்பணும். அவனுக்கும் முதல் தடவை, பயமா இருக்கும்ல? கொஞ்சம் பொறு."

அவள் அம்மணிக்கட்டைப் பற்றியபடி, இமைக்கவும் அஞ்சி நின்றாள். தொலைவில், புகைபோக்கிகளுக்கு மேலே, ஒரு சிறகு மெல்லச் சாய்ந்தது. மறு சிறகு எழுந்து வெயிலில் மின்னியது. ஊர்தி திரும்பிக்கொண்டிருந்தது.

தரையிறங்கி ஓடிவந்த ரமணிக் கையை நீட்டினான். "எங்கே என் ராக்கி?"

"அது உங்க அண்ணன் கைக்குப் போயிடுச்சு" என்று அழுகையினூடே சொல்லி, முதல் பேடாவை ஹபீப்பின் வாயில் ஊட்டினாள் ஜசுமதி. தம்பிக்குத் தன் முன்றானையிலிருந்து ஓர் இழை கிழித்துக் கட்டினாள்.

அதன்பின் ஆவணிதோறும் அவள் காப்புநூல் இரண்டு வாங்கினாள். அன்பினால் கட்டியது அவள் கை. அவ்வன்பை மண்ணில் விழவிடாது அவிழ்த்தது மற்றொரு கை. இறைவன் அன்று காத்தருளியது, அந்த இரண்டாம் கையைக் கொண்டே.