ஒன்பது வீட்டுக் கிணறு

தங்கபுஷ்பம் வீட்டுக் கம்ப்யூட்டரில் செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை தண்ணீர் வரும்.

தெருக்குழாயில் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் என்பதால், அந்தத் தெருவில் யாரும் குழாயை நம்பிக் குடித்தனம் நடத்துவதில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் பிளாஸ்டிக் குடங்களோடு தங்கபுஷ்பம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நேரில் நிற்க முடியாதவர்கள் ஒரு கல்லையோ ஓட்டை வாளியையோ வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தெருவில் கல்லுக்கும் ஆளுக்குள்ள மரியாதை உண்டு. கல்லைத் தாண்டிப் போனவளோடு மூன்று மாதத்துக்கு யாரும் பேசமாட்டார்கள்.

கம்ப்யூட்டர் பழையது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தேவநேசன் கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போனபோது கொடுத்துவிட்டுப் போனது. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தந்ததும் அவர்தான். இது எதையும் மறைக்காது, கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று அதுவே சொல்லிவிடும் என்றார். தங்கபுஷ்பம் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறும். இன்னது கிளம்பியது, சரி. இன்னது கிளம்பியது, சரி. எல்லாம் அவளுக்குப் புரிந்துவிடவில்லை. ஆனால் ஒரு வேலையைச் செய்துவிட்டுச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்கிற குணம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. அவள் வீட்டில் அந்தக் குணம் வேறு யாருக்கும் கிடையாது.

தண்ணீர் வருவது ‘ஒன்பது வீடு’ என்ற விளையாட்டிலிருந்து. தனி ஆட்கள் தாங்களே செய்த விளையாட்டுகளை மட்டும் விற்கும் ஓர் இணையக் கடையில் அதை வாங்கினாள். அந்தக் கடையில் ஒவ்வொரு விளையாட்டின் கீழும், எந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் என்று சின்னப் படங்கள் போட்டிருக்கும். பெங்குவின் படம் இருந்தால் லினக்ஸில் ஓடும். கிணறு உள்ள விளையாட்டாகத் தேடினாள், பெங்குவினும் கிணறும் சேர்ந்திருந்தது அது ஒன்றுதான். விலை நூற்றிருபது ரூபாய், விரும்பினால் கூடவும் தரலாம் என்றிருந்தது. அவள் நூற்றைம்பதாகக் கொடுத்தாள். எதிர் வரிசையில் இரண்டு வீட்டுக்காரர்களும் அதையே வாங்கினார்கள். அவை வேறு வகைக் கம்ப்யூட்டர்கள். அங்கே திரை லேசாக வேர்த்ததோடு சரி.

விளையாடுவது பெரிய வித்தை இல்லை. திரையில் ஒன்பது வீடு, ஒரு வேப்பமரம், ஓர் ஆடு, நடுவில் கிணறு. கிணற்றடியில் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பச்சைச் சேலைக்காரி. கீழ் அம்பை அழுத்தினால் அவள் வாளியை இறக்குவாள், மேல் அம்பை அழுத்தினால் இழுப்பாள். வாளி மேலே வந்ததும் சிடி போடுகிற தட்டு வெளியே நீளும். அதன் நுனியிலிருந்து ஒரு குடம் நிறைகிற வரைக்கும் தண்ணீர் ஒழுகி நிற்கும். ஒரு வாளிக்கு ஒரு குடம். தண்ணீரில் பச்சைத் தேயிலை வாசம் கொஞ்சம் அடிக்கும். வடிகட்டினால் போய்விடும்.

தங்கபுஷ்பத்துக்குக் கவலைப்படப் பெரிய காரணம் ஏதும் தேவைப்படாது. கரண்டு போய்விடுமோ, கீழ் அம்பு தேய்ந்துவிடுமோ, இவ்வளவு ஈரத்தில் கம்ப்யூட்டருக்குச் சளி பிடித்துவிடுமோ என்று திங்கட்கிழமை மத்தியானமே எண்ணத் தொடங்கிவிடுவாள். தண்ணீர் பிடித்து முடிந்ததும் தட்டைத் துண்டால் துடைத்து, விசிறியால் விசிறிவிடுவாள்.

கவலையெல்லாம் மறப்பது அந்த ஊரைப் பார்க்கிற நேரம்தான். எட்டு மணிக்குக் குடக்காரிகள் போன பிறகு அவள் சும்மா உட்கார்ந்து அதையே பார்ப்பாள். வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக வரையப்பட்டிருந்தன. ஆடு காலையில் ஒரு குரலிலும் சாயங்காலம் வேறு குரலிலும் கத்தியது. ஆறாவது வீட்டுக் கொடியில் காய்ந்த துணி ஒவ்வொரு நாளும் வேறு துணி. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் கதை அமலோற்பவம், படம் அமலோற்பவம், பாட்டு அமலோற்பவம், தவறுகள் அமலோற்பவம் என்று இருந்தது. வால்பாறையில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு பெண் இதையெல்லாம் செய்திருக்கிறாள். ஒரு ஜாக்கெட் தைக்கவே மூன்று பேர் கை வேண்டியிருக்கிற உலகத்தில் ஒருத்தி ஓர் ஊரையே செய்துவிட்டாளே என்று தங்கபுஷ்பம் நினைத்துக்கொள்வாள்.

லினக்ஸில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிழை கண்டால் செய்தவருக்கு எழுதிவிட வேண்டும். வாங்குகிற நூறு பேரில் லினக்ஸ்காரர் ஒருத்தர்தான் இருப்பார், வருகிற கடிதத்தில் பாதி அவர் எழுதியதாக இருக்கும் என்று தேவநேசன் பெருமையாகச் சொல்லியிருந்தார். தங்கபுஷ்பமும் எழுதினாள். ஆடு சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் போகிறது என்று ஒரு கடிதம். இரண்டாவது வீட்டுக் கதவு தெருப்பக்கம் திறக்கிறது, போகிறவர் நெற்றியில் இடிக்கும் என்று ஒரு கடிதம். இரண்டுக்கும் ஒரே வாரத்தில் பதில் வந்தது. புதுப் பதிப்பில் ஆடு சுவரைச் சுற்றிப் போனது, கதவு உள்பக்கம் திறந்தது. பெயர்ப் பட்டியலின் கடைசியில் ‘நன்றி: தங்கபுஷ்பம் (ஆடு, கதவு)’ என்று ஏறியிருந்தது. அதை அவள் ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

சித்திரை பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. தெருக்காரர்களுக்கு இருபத்திரண்டு குடம் பிடித்து முடித்தாயிற்று. திரையில் அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு கிணற்றடிக்கு வந்தார்கள். பச்சைச் சேலைக்காரி வாளியை இறக்கினாள். பாதி வாளிதான் வந்தது. அடுத்த முறை சேறு வந்தது. பெண்கள் வெறுங்குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஆடு படுத்துக்கொண்டது. வேப்பமரத்தில் இருநூற்றுப் பதினாலு இலை இருக்கும், அன்றைக்கு நூற்று அறுபதுதான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய் கடைசிக் குடத்தை எடுக்க வந்தாள். அவள் மகள் இரட்டைப் பிள்ளை பெற்று வீட்டோடு இருந்தாள். தங்கபுஷ்பம் திரையைக் காட்டினாள்.

“அங்க வத்திருச்சு பாக்கியம். எல்லாரும் வெறுங்குடத்தோட போறாளுக.”

“போகட்டும் மதினி. தாகம்னா அவளுக ஊரு முனிசிபாலிட்டில போய்க் கேக்கட்டும்.”

“அங்க ஏது முனிசிபாலிட்டி? ஒன்பது வீடுதான இருக்கு.”

“அப்ப நம்ம முனிசிபாலிட்டிக்கு வரட்டும். நமக்குக் குடுத்தே கிழிச்சிட்டானுக, அவளுகளுக்கும் குடுக்கட்டும்.” பாக்கியத்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். பிறகு குரலைத் தணித்தாள். “நீங்க கடுதாசி எழுதுவீக, எனக்குத் தெரியும். நீங்க எழுதுனா அந்தப் பொண்ணு உடனே அடைச்சிரும். அது அப்படிப்பட்ட பொண்ணு. பிள்ளைத் துணி இருபது கெடக்கு மதினி. பாத்துக்கிடுங்க.”

எழுதினால் தெரு காயும். எழுதாவிட்டால் அந்த ஊர் காயும். தங்கபுஷ்பம் அன்றைக்குச் சோற்றைக் குழைய விட்டாள், குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். சனிக்கிழமை காலை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிழை எழுதும் படிவத்தைத் திறந்தாள்.

படிவத்தில் மூன்று கேள்வி. எந்தக் கம்ப்யூட்டர்? லினக்ஸ், பழையது என்று எழுதினாள். என்ன நடந்தது? ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது. உங்கள் ஊரில் வற்றுகிறது’ என்று எழுதினாள். என்ன நடந்திருக்க வேண்டும்? அந்தக் கேள்வியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வரக்கூடாது என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில் ‘இரண்டு ஊருக்கும் வந்திருக்க வேண்டும்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. நன்றி அக்கா, இதை நான் பார்க்கவே இல்லை, புதுப் பதிப்பு வரும் வரை தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று அமலோற்பவம் எழுதியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை குடங்கள் வந்தன, நின்றன, அப்படியே போயின. யாரும் சண்டை போடவில்லை. அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது. பாக்கியத்தாய் போகும்போது தன் கல்லையும் எடுத்துக்கொண்டு போனாள். கல்லை எடுத்துப் போவது என்றால் இனி இந்த வாசலுக்கு வருவதில்லை என்று பொருள். புதன்கிழமை முழுக்கப் பாக்கியத்தாய் வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி அழும் சத்தம் கேட்டது. தங்கபுஷ்பம் தன் வீட்டுப் பானையில் கிடந்ததை ஒரு வாளியில் ஊற்றி அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். வாளி காலியாகித் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை.

வியாழக்கிழமை தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாள். அன்று காலை ஐந்தரை மணிக்குப் பார்த்தபோது, முந்தின ராத்திரியே புதுப் பதிப்பு வந்து இறங்கியிருந்தது. என்னென்ன மாறியது என்ற குறிப்பைத் தங்கபுஷ்பம் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘கிணற்றிலிருந்து வெளியே தண்ணீர் போவது: பிழை இல்லை, மாற்றவில்லை. வரிசை: இரண்டு ஊருக்கும் ஒன்றாக்கப்பட்டது. சொன்னவர்: தங்கபுஷ்பம், லினக்ஸ்.’

விளையாட்டைத் திறந்தாள். ஒன்பது வீட்டிலும் ஆள் இல்லை, கதவுகள் சாத்தியிருந்தன. சிடி தட்டு வெளியே நீண்டிருந்தது. தட்டிலிருந்து மேசை, மேசையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து தரை என்று சின்னச் சின்ன ஈரக் காலடிகள் வாசலுக்குப் போயிருந்தன. அவளும் அவற்றை மிதிக்காமல் பின்னாலேயே போனாள்.

தெருக்குழாயடியில் பாக்கியத்தாய்தான் முதல் ஆள். நான்கு குடமும் பிள்ளைத் துணி மூட்டையுமாக நின்றாள். அவள் குடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் ஒன்பது பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் புளியங்கொட்டை அளவில் ஒரு குடம். முன்னால் பச்சைச் சேலைக்காரி.

“சொன்ன மாதிரி முனிசிபாலிட்டிக்கே வந்துட்டாளுக” என்று பாக்கியத்தாய் தங்கபுஷ்பத்தைப் பார்க்காமல் சொன்னாள். “கல்லு போட்டிருக்காளுகளா?”

தங்கபுஷ்பம் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். குழாயின் கீழே சிமெண்ட் மேடையில் கடுகு அளவில் ஒன்பது கற்கள் வரிசையாக இருந்தன. பனி இறங்குவதற்கு முன்னே வைத்தது. ஒரு கல்லை நகத்தால் நிமிர்த்திப் பார்த்தாள், அடியில் மட்டும் சிமெண்ட் காய்ந்திருந்தது.

“போட்டிருக்காளுக. உனக்கு முந்தி.”

பாக்கியத்தாய் தன் நான்கு குடத்தையும் ஓர் அடி பின்னால் நகர்த்தினாள். வரிசை முழுக்க ஓர் அடி நகர்ந்தது. குழாய் இருமி, காற்றை விட்டு, தண்ணீரைக் கொண்டுவந்தது. குழாய் வேகத்தில் அவர்கள் குடம் தாங்காது என்று பாக்கியத்தாய் ஒரு செம்பில் பிடித்து, விரலை நனைத்துச் சொட்டுச் சொட்டாக ஒன்பது குடத்திலும் விட்டாள். ஒன்பதும் நிறைந்த பிறகும் செம்பில் அரைவாசி இருந்தது. பெண்கள் குடத்தை ஏற்றிக்கொண்டு வந்த வழியே போனார்கள். தங்கபுஷ்பம் உள்ளே ஓடிவந்து பார்த்தபோது, அவர்கள் குடத்தைக் கிணற்றில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவது குடத்துக்குக் கிணறு விளிம்பு தட்டி நின்றது.

வெள்ளிக்கிழமை தெருவுக்கு இருபத்திரண்டு குடம் வந்தது. அந்த ஊருக்கு ஒன்பது வந்தது. அதற்குப் பிறகும் வாளி முழுசாகத்தான் ஏறியது. பாக்கியத்தாய் தன் கல்லைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தாள். அடுத்த குழாய்த் தண்ணிக்கு அந்தச் செம்பைத் தானே எடுத்து வருவதாகச் சொன்னாள். இப்படி யோசிக்கிற பெண் வால்பாறை மழையில் தனியாகக் கிடக்கிறாளே, வேளைக்குச் சாப்பிடுகிறாளோ என்னவோ என்று தங்கபுஷ்பம் கவலைப்பட்டாள். அதையும் கேட்டு எழுத வேண்டும் என்று பாக்கியத்தாய் சொன்னாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சிடி தட்டிலிருந்து ஆடு இறங்கியது. வாசலைக் கடந்து, பாக்கியத்தாய் வீட்டு மதில்சுவருக்குள் நேராக நுழைந்து, மறுபக்கம் வந்து, கொடியில் காய்ந்த பிள்ளைத் துணியின் கீழே நின்று காலைக் குரலில் கத்தியது.

தங்கபுஷ்பம் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள். ஆடு விஷயம் பழைய பிழை. அது திரும்ப வந்திருக்கிறது என்று அமலோற்பவத்துக்கு இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.