எழுவாய் இல்லாத வாக்கியம்

1

இந்தக் கதை ஒரு நாயிடமிருந்து பிறந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். எனக்கும் அது வசதி. உண்மையில் இது ஒரு விகுதியிலிருந்து பிறந்தது. ‘வா’ என்பதோடு ‘ங்க’ சேர்ந்தால் மரியாதை வந்துவிடும் என்று நம்பித்தான் நாமெல்லோரும் பேசக் கற்றோம். விலங்குக் காப்பகம் ஒன்றின் ஈரத் தரையில், வயிறு ஒட்டக் கிடந்த ஒரு நாயைப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

“கம்பி கழுத்துக்குள் புதைந்திருந்தது, அதைச் சுற்றிச் சதை வளர்ந்து” – நிறுத்திவிட்டேன். கதை தொடங்குமுன்பே வாசகரை அழவைத்துவிடும் அவசரம் இதில் இருக்கிறது.

“அன்பு என்பது” – இதை எழுதியவன் நான்தானா என்றே ஐயமாக இருக்கிறது.

“அந்த மனிதர் மிக இனிமையாகப் பேசினார்.” இது நல்ல வாக்கியம். ஆனால் இதில் தொடங்கினால் முதல் வரியிலேயே அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவீர்கள். கதைகளில் இனிமையாகப் பேசுகிறவர்களுக்கு நேரும் கதியை நாம் அறிவோம். எனக்கோ அவர்மேல் சந்தேகம் மெல்ல வரவேண்டும். வந்த சந்தேகம் தவறாகவும் இருக்கவேண்டும். தவறென்று தெரிந்த பிறகும் அது போகக்கூடாது. இப்படியொரு சந்தேகத்தை எந்த வாக்கியத்தில் தொடங்குவது?

2

காப்பகத்தை நடத்துபவரை எல்லோரும் பெரியக்கா என்போம். மருந்து வாடையும் நனைந்த ரோம வாடையும் கலந்த அந்த நீளக் கூடத்தில் அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: எந்த உயிரையும் ஒருமையில் அழைக்கக் கூடாது. ‘ஏய்’, ‘வாடா’, ‘போடி’ என்ற சொற்களோடு சேர்த்து அடியும் வாங்கிய பிராணிகள்தாம் அங்கே வந்து சேர்கின்றன. ஆகவே அந்தச் சொற்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். ஒரு காலை இழந்த பூனை ‘அவங்க’. உண்ணி நீக்கும் தொட்டியில் நின்று உறுமும் கிழநாய் ‘ஐயா’.

“ஐயா, கொஞ்சம் வாலைத் தூக்குங்க. வெக்கப்படாதீங்க, டாக்டர் பாக்காததா?” என்று அவர் வெப்பமானியோடு நின்று கெஞ்சும்போது, நாயைப் பிடித்திருப்பவர் சிரிப்பை அடக்கப் பாடுபடுவார். பிடித்திருப்பவர் மீட்பு வண்டியின் ஓட்டுநர். பெரியக்காவின் தங்கை கணவர். எங்கள் எல்லோருக்கும் மச்சான்.

“உங்க தங்கச்சி என்னை ஒரு நாளாவது இப்படிக் கூப்பிட்டிருப்பாளாக்கா? அடுத்த பிறவியில நாயாத்தான் பொறக்கணும்.”

“இந்தப் பிறவியிலயே பாதி தூரம் வந்துட்டீங்க தம்பி. வாயை மூடிட்டு அவரைப் பிடிங்க.”

நான் வாரக் கடைசிகளில் அங்கே கூண்டு கழுவப் போகிறவன். நவீன இலக்கியத்தில் ஆய்வு செய்கிறேன் என்று ஒருமுறை சொல்லிவைத்ததால் என் பெயர் ‘ஆராய்ச்சி’ ஆகிவிட்டது.

அந்தப் பழுப்பு நாயை மச்சான்தான் கொண்டுவந்தார். கட்டி முடிக்காமல் விட்ட ஒரு கட்டடத்தின் மாடிப்படி அடியில், கம்பியால் கட்டப்பட்டுக் கிடந்ததாம். கட்டியவர் யாரென்று தெரியவில்லை. கழுத்துப் புண் ஆறியது. ஆனால் யார் ‘வாங்க’ என்று அழைத்தாலும் அது தரையோடு தரையாகிவிடும்: நான்கு கால்களும் விரிந்து, தாடை தரையில் பதிந்து, கண் மட்டும் மேலே. மச்சான் அதற்கு ‘ஸ்டிக்கர்’ என்று பெயர் வைத்தார். தத்தெடுக்க வந்தவர்கள் அழைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்ந்தார்கள். பெரியக்கா இன்னும் கனிவாக, இன்னும் மரியாதையாக அழைத்தார். அது இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது.

3

நான் தாமதமாகப் போன ஒரு காலை. ஸ்டிக்கர் எங்களுக்கு முதுகு காட்டியபடி தட்டில் வாய்வைத்துத் தின்றுகொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி மச்சான் என்னை வரவேற்றார்:

“வாங்க தொரை, வாங்க! இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு?”

தட்டு கவிழ்ந்தது. நாய் தரையில் கிடந்தது. அதன் அடியிலிருந்து சிறுநீர் மெல்லப் பரவி வந்தது. நாயை யாரும் பார்க்கவில்லை, அழைக்கவுமில்லை. அழைக்கப்பட்டவன் நான்.

மச்சானின் கையிலிருந்த குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா,” என்றார் அவர். குரலில் கேலி இல்லை. “இத அடிச்சவன் மரியாதையாக் கூப்பிட்டுத்தான் அடிச்சிருக்கான்.”

தமிழில் வளர்ந்த எவருடைய முதுகும் அறிந்த வழக்கம் இது. சொல்லாமல் ஊர்சுற்றிவிட்டு வீடு திரும்பும் பிள்ளையை, ‘வாங்க சார், வாங்க’ என்று வாசலில் நின்று வரவேற்கும் குரல். அடிக்கு ஒரு கணம் முந்திய மரியாதை. கோபம் ஒருமையில் வரும். கொடுமை சில வேளைகளில் பன்மையில் வருகிறது.

“அப்ப தெனமும் நாமதான் அடிச்சிருக்கோம்,” என்றார் பெரியக்கா.

மறுநாள் முதல் நாங்கள் ‘வாடா’ என்றோம். நாய் வாலை ஆட்டியது. பெரியக்காவுக்கு மட்டும் அந்தச் சொல் வரவில்லை. தட்டைத் தட்டுவார், நாக்கைச் சொடுக்குவார், தொடையில் தட்டி அழைப்பார். ஒருமை மட்டும் அவர் நாவில் ஏறவே இல்லை.

[இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை எழுதுகிறவன் இப்படிக் கேட்பது நயமன்று. ஆனால் கடைசிப் பகுதிகளில் நான் பதற்றத்தில் இருப்பேன், நினைவூட்ட முடியாது.]

4

கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அவர் கண்ணாடி அணிந்தவர். தாழ்ந்த, இதமான குரல். காவலாளியிடமும் பன்மை, கூண்டுப் பூனையிடமும் பன்மை. மனைவி அவருக்கு ஓர் அடி பின்னால் நடந்தார். ஸ்டிக்கரின் கூண்டு முன்னால் நின்று, நாங்கள் எச்சரிக்குமுன்பே, கணவர் “வாங்க” என்றார்.

அது ஒட்டிக்கொண்டது.

மற்றவர்கள் நகர்ந்துபோன இடம் அது. அவர் முகமோ மலர்ந்தது. “என்ன ஒரு அடக்கம்! எங்களுக்கு இவர்தான் வேணும்.”

மச்சான் என்னை ஓரமாக இழுத்தார். “இத அடிச்சவன் இவனேதானாடா?”

“‘வாங்க’ன்னு சொன்னவங்க எல்லாம் குத்தவாளின்னா, மொதல்ல அக்காவைத்தான் உள்ள போடணும் மச்சான்.”

நல்ல பதில்தான். சந்தேகம் மட்டும் போகவில்லை.

கண்ணாடிக்காரர் குட்டிகள் இருக்கும் பக்கம் போனார். அந்தப் பெண் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி, நாயைப் பார்த்துக்கொண்டே, பெரியக்காவிடம் முதன்முறையாகப் பேசினார்.

“சரிப்பட்டு வரலைன்னா... திரும்பி வந்தா சேத்துக்குவீங்களா?”

“எப்ப வேணா வரலாம்மா. ஏன், எதுக்குன்னு கேக்க மாட்டோம்.”

“நேரங்கெட்ட நேரத்துல வந்தாலும்?”

“மணி அடிச்சாப் போதும், கதவைத் தொறப்போம்.”

அவர் தலையசைத்தார். தத்தெடுப்போர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. நாங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.

5

விலங்கை ஒப்படைக்குமுன் அதைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். கதவு திறந்ததும் அதை முன்னால் விட்டு நாங்கள் பின்னால் நுழைவோம். வீட்டைப் பற்றி ஆட்கள் சொல்வதைவிட மூக்கு சொல்வதையே நம்புவோம்.

முதல் வரைவில், ஸ்டிக்கர் வாசலிலேயே முரண்டு பிடித்தது. அந்த வீடு அதற்குத் தெரிந்த வீடு. கதவுக்குப் பின்னால் அதே கம்பியின் மிச்சச் சுருள் தொங்கியது. மறுநாள் படித்தபோது கூச்சமாக இருந்தது. கம்பி அகப்பட்டுவிட்டால் கதையின் வேலை முடிந்து காவல் நிலையத்தின் வேலை தொடங்கிவிடும்.

இரண்டாம் வரைவில் அவர் மெய்யாகவே நல்லவர். அவருடைய ‘வாங்க’வை நாளடைவில் அந்த நாய் நம்பக் கற்றுக்கொள்ளும்; மரியாதை என்ற சொல்லுக்கு அதன் பழைய பொருள் மீளும். நடக்கக்கூடியதுதான். அதை எழுதவே நான் விரும்பினேன். ஆனால் எந்தப் பத்தியைப் புரட்டினாலும் அந்தப் பெண் அதன் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் அந்த வரைவு –

மூன்றாவது வரைவு கீழே.

6

ஸ்டிக்கர் உள்ளே போனது. அதற்கு அந்த வீடு புதிது; அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. சோபாவின் கால், திரைச்சீலையின் விளிம்பு, கழற்றிவைத்த செருப்புகள் என்று ஒவ்வொன்றையும் முதன்முறையாக முகர்ந்தது. வால் பாதி உயரத்தில் நின்றது. கடைசியில் சமையலறை வாசலருகே போய் நின்றுகொண்டது.

“இவன் இல்லடா ஆராய்ச்சி,” என்று மச்சான் மூச்சுவிட்டார். “பாவம், தப்பா நெனச்சுட்டோம்.”

எனக்கும் சந்தேகம் தீர்ந்ததுபோல் இருந்தது. கண்ணாடிக்காரர் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து எங்களை உட்காரவைத்தார். பிஸ்கட் வந்தது. தேநீர் வரவில்லை. சமையலறைக்குள் ஒரு கரண்டி விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

அவர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். குரலை உயர்த்தவேயில்லை.

“வாங்க மேடம், வாங்க. விருந்தாளிங்க காத்திருக்காங்க பாருங்க.”

நாய் தரையில் விழுந்தது.

நாய்க்குப் பின்னால், சமையலறை வாசலில், தட்டோடு வந்த பெண்ணின் தோள்கள் உள்ளொடுங்கின. முதுகு கதவுச் சட்டத்தோடு ஒட்டியது. முகவாய் தாழ்ந்தது, கண் மட்டும் மேலே. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதி நடுங்கி, ஒன்று விழுந்து உடைந்தது. அவர் உடனே குந்தி உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

“பரவால்லைங்க மேடம்,” என்றார் கணவர். “நிதானமாப் பொறுக்குங்க. அப்புறமாப் பேசிக்கலாம்.”

[ஒரு பெண்ணையும் நாயையும் ஒரே காட்சியில் இப்படி நிறுத்துவது சரியா? வேறொருவர் எழுதியிருந்தால் கேள்வி கேட்டு ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன். பிரித்து எழுதிப் பார்த்தேன்: நாய் ஒரு பத்தியில், அவர் அடுத்த பத்தியில். ஆனால் என் கண் அவற்றைத் தனித்தனியாகக் காணவில்லை. இரண்டும் ஒரே சொல்லுக்கு, ஒரே நொடியில் நிகழ்ந்தன.]

பெரியக்கா எழுந்தார்.

“இன்னைக்கு வேணாம் சார். இவரை நாங்க திரும்பக் கூட்டிட்டுப் போறோம்.”

“ஏங்க? அப்படி என்ன குறை கண்டீங்க?”

“குறைன்னு இல்ல. இவருக்கு இந்த வீடு ஒத்துவராது.”

“உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் பேசலாம்.” அவர் எழுந்து வந்து, கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றார். புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. “நான் மரியாதையாத்தானே பேசிக்கிட்டிருக்கேன்?”

“ஆமா சார்,” என்றார் மச்சான். “அதான் பயமா இருக்கு.”

அவருடைய தோளைத் தாண்டிக் கையை நீட்டி மச்சான் தாழ்ப்பாளை விலக்கினார். இரண்டு ஆண்களின் முகங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. கதவு திறக்க, கணவர் ஒதுங்கவேண்டியதாயிற்று; தெரு வெளிச்சம் தரையில் விழுந்தது.

பெரியக்கா வாசற்படியில் நின்று திரும்பினார். உடைந்த கோப்பையின் இந்தப் பக்கம் நாய் ஒட்டிக் கிடந்தது. அந்தப் பக்கம் அந்தப் பெண் குந்தியிருந்தார். பெரியக்காவின் உதடு அசைந்தது, நின்றது. நாக்கைச் சொடுக்கவில்லை, தொடையில் தட்டவில்லை.

“வா,” என்றார்.

நாயைப் பார்த்துச் சொன்னாரா, நாய்க்கு அப்பால் பார்த்துச் சொன்னாரா என்பது நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. இரண்டு தலைகள் நிமிர்ந்தன.

7

நாய் எழுந்தது. இந்த வினைமுற்றில் எனக்கு ஐயமில்லை. சில்லுகளைத் தாண்டி வந்து பெரியக்காவின் காலடியில் நின்றது.

அடுத்த வாக்கியத்தில்தான் பேனா நிற்கிறது. பெண்ணும் நாயும் சேர்ந்து எழுந்தால் அதைச் சொல்ல நம் பேச்சில் ஒரு வினைமுற்று இல்லை. ‘எழுந்தார்கள்’ என்றால் நாய் விடுபடும்; ‘எழுந்தன’ என்றால் பெண் விடுபடுவார். இரு திணையும் கலந்து வந்தால் சிறப்பையோ, மிகுதியையோ, இழிவையோ நோக்கி ஒரு முடிபைக் கொள்ளலாம் என்று பழைய இலக்கணம் வழி சொல்கிறது. மிகுதி அங்கே இல்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒருவர். சிறப்பு யாருக்கு என்று அந்த அறையில் நின்று தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது. இழிவை நோக்கி முடிப்பதோ, அந்த மனிதர் அன்றாடம் செய்துவருவது.

ஆகவே முடிபைத் தேடுவதை விட்டுவிட்டுப் பின்னோக்கி, நான்காம் பகுதிக்குப் போனேன். “திரும்பி வந்தா சேத்துக்குவீங்களா?” யார் திரும்பி வந்தால்? அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. கூண்டுக்குள் நாய் இருந்ததால் வாக்கியத்துக்குள்ளும் நாயைப் போட்டுப் படித்துவிட்டோம். எழுவாய் இல்லாத வாக்கியங்களைப் பற்றி ஒரு கருத்தரங்கில் பேசியவன் நான். ஆனால் என் காதருகே ஒன்று கேட்கப்பட்டபோது தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பெரியக்காவும் எழுவாய் இல்லாமலே பதில் சொன்னார்: “எப்ப வேணா வரலாம்மா.” தெரிந்து சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது தப்பித்தல் என்று ஒரு விமர்சகனாக நானே சொல்லக்கூடும். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பதிலாக நான் எழ முடியாது. எழுந்ததாக எழுதிவிட்டால் அதுவும் அவரை விரட்டுகிற இன்னொரு ஏவலாகிவிடும். மச்சான் கதவைக் கையால் தாங்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் கை வலிக்கத் தொடங்கியிருக்கும். கணவர் இன்னும் புன்னகைக்கிறார். அந்தப் பெண்ணின் கையில் ஒரு பீங்கான் சில்லு. வெளியே வண்டியில் இடமிருக்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். அந்தக் கேள்வியில் விடுபட்டுப்போனதன் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இலக்கணக் கலைச்சொல்லாக வேண்டாம். குந்தியிருக்கும் அவரைப் பார்த்து, பெரியக்காவுக்கு வராமல் வந்த அதே ஒருமையில் சொல்லுங்கள். முன்னிலை, எதிர்காலம்:

எழுவாய்.