அரை டேங்க்

அந்தக் காருக்கு இரண்டு வயிறு. ஒன்று பெட்ரோலுக்கு, இன்னொன்று காஸுக்கு. காஸ் சிலிண்டர் டிக்கியில் குறுக்கே படுத்திருந்தது, பெட்டி வைக்க இடம் கிடையாது. ரேடியோவுக்குக் கீழே ஒரு சுவிட்ச். மேலே தட்டினால் பெட்ரோல், கீழே தட்டினால் காஸ், நடுவில் நிறுத்தினால் இரண்டும் இல்லை.

காலையில் பெட்ரோலில் கிளப்ப வேண்டும். எஞ்சின் சூடானதும் சுவிட்சை நடுவுக்குக் கொண்டுவந்து, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓட்டி, வண்டி திணறத் தொடங்கும் நொடியில் காஸுக்குத் தட்ட வேண்டும். முந்தினால் அடைத்துக்கொள்ளும். பிந்தினால் நின்றுவிடும். சரியாகத் தட்டினாலும் ஒரு உலுக்கு உலுக்கும். அதன் பிறகு, நிற்கும் இடத்திலெல்லாம் விக்கல் எடுக்கும்.

காரை ஓட்டிய கணவன் இதையெல்லாம் குறையாக நினைக்கவில்லை. அவன் பார்வை முழுக்க பெட்ரோல் முள்மேல் இருந்தது. நான்கு மாதமாக அது பாதியிலேயே நின்றது. "ஒரு கோடுகூட இறங்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தவர்களைத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே வாசலுக்கு அழைத்துப்போய் முள்ளைக் காட்டினான். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டரில் எண் பார்த்து எழுதுவது அவன் வேலை. முள், எண், கோடு என்றால் அவனுக்கு உயிர்.

அவன் மனைவிக்கும் காருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் கேக் செய்பவள். செய்பவளா இல்லையா என்பதுதான் அவளுக்கே தெரியவில்லை. இதுவரை இருபத்துமூன்று கேக் செய்திருந்தாள். எல்லாம் சொந்தக்காரர்களுக்கு. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். நடுவில் குழி விழுந்த கேக்கையும் பிரமாதம் என்றார்கள். அதைச் சாப்பிட்ட ஒரு சித்தி இரண்டாம் துண்டு வேண்டாம் என்றதை அவள் மட்டும்தான் கவனித்தாள்.

இருபத்துநான்காவதை முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார். தையல் கடைச் சுவரில் அவள் ஒட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு, பொது நூலகத்திலிருந்து துணை நூலகர் போன் செய்தார். தலைமை நூலகர் ஓய்வு பெறுகிறார், புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம், ஐந்து புத்தகங்களை அடுக்கிவைத்ததுபோல ஒரு கேக் வேண்டும் என்றார். குரலில் சிரிப்பே இல்லை. அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டிய கட்டாயம் எதுவும் அந்தக் குரலுக்கு இல்லை. அவருக்குப் பிடித்தால், தான் கேக் செய்பவள், பிடிக்காவிட்டால் மாவை வீணாக்குபவள் என்று அவள் மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

காஸில் போனால் ஐந்து புத்தகமும் ஐந்து பக்கம் போகும். அதனால் முந்தின நாளே கணவனிடம் பேசி முடித்துவிட்டாள். நாளைக்கு மட்டும் பெட்ரோல். வாசலிலிருந்து வாசல்வரை. சுவிட்சை யாரும் தொடக்கூடாது. அவன் முள்ளை நினைத்துப் பார்த்தான். நான்கு மாதப் பெருமை இறங்கப்போகிறது. சொத்தை எழுதிக்கொடுப்பவன்போலச் சரி என்றான்.

புதன் காலை பத்தேகாலுக்குக் கிளம்பினார்கள். பின் சீட்டில் நாத்தனார், மடியில் மடித்த துண்டு, அதன்மேல் பலகையோடு கேக். பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள் அவள். பக்கத்தில் யார் அலறினாலும் ஆடாமல் உட்காரத் தெரிந்தவள் என்பதால் அரை நாள் லீவு போடச் சொல்லி அழைத்துவந்திருந்தார்கள். கேக் செய்தவள் முன் சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து கேக்கைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெட்ரோலில் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. சிக்னலில் நின்றபோது எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தது. இந்த வண்டிக்கு இப்படியும் போகத் தெரியுமா என்று நாத்தனார் கேட்டாள். அண்ணன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் பாதியில்தான் நின்றது. அவன் முகம் மலர்ந்தது.

மேம்பாலம் இறங்கியதும் வண்டி ஒருமுறை இருமியது. பிறகு எதுவும் சொல்லாமல் ஓரமாக உருண்டு நின்றது.

அவன் சாவியைத் திருப்பினான். திருப்பினான். பிறகு சுட்டுவிரலால் முள் இருந்த கண்ணாடியை லேசாகத் தட்டினான். நான்கு மாதம் பாதியில் நின்ற முள், செத்த பல்லி சுவரிலிருந்து விழுவதுபோல அடியில் விழுந்தது.

தினமும் காலையில் சூடாக்கும் இரண்டு நிமிடம் டேங்கைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துவிட்டிருந்தது. முள்தான் வேலையை விட்டு நின்றிருந்தது.



"அண்ணா" என்றாள் நாத்தனார், கேக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஊர்ல ஓடாம நிக்கிற மீட்டரையெல்லாம் கண்டுபிடிக்கிற ஆளு நீதானே?"

"தண்ணி வேற, பெட்ரோல் வேற."

மணி பத்தே முக்கால். நூலகம் கண்ணுக்குத் தெரிந்தது. நேர்ச் சாலை, மேடு பள்ளம் இல்லை, நானூறு மீட்டர் இருக்கலாம். தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால் பலகையோடு பதினோரு கிலோ, வெளியே சுள்ளென்று வெயில், மேலே வெண்ணெய்க் கிரீம். பாதி வழியில் புத்தகம் கஞ்சியாகிவிடும்.

"காஸ் ஃபுல்லா இருக்கு" என்றான் அவன். "மெதுவா மாத்துறேன்."

"உங்க மெதுவா எனக்குத் தெரியும். முதல்ல கேக்கை இறக்கணும்."

இரண்டு பெண்களும் கேக்கை இறக்கி, பஸ் நிறுத்தத்து நிழலில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் சுவிட்சைக் கீழே தட்டிச் சாவியைத் திருப்பினான். உள்ளே எங்கோ டப்பென்று வெடித்தது. வண்டி ஓரடி முன்னால் துள்ளியது. பிறகு ஓடத் தொடங்கியது, நின்ற இடத்திலேயே தோளைக் குலுக்கிக்கொண்டு. அவன் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவள் பின் சீட்டைப் பார்த்தாள். வெற்றுச் சீட்டே அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணுங்க."

"ஓடுதே."

"ஓடுது. நாங்க ஏறல. ஆஃப் பண்ணிட்டு இறங்கித் தள்ளுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இன்று இந்த முகத்தோடு வாதாட முடியாது என்று தெரிந்தது. எஞ்சினை நிறுத்தினான். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமலிருக்கச் சாவியை ஒரு திருப்பு திருப்பியே வைத்துவிட்டு இறங்கினான். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அலமாரியில் இருந்தது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். கேக் மறுபடி நாத்தனார் மடிக்கு வந்தது.

அவன் தள்ளினான். வண்டி நகரவில்லை. பஸ்ஸுக்கு நின்றிருந்த இருவர் வந்து கை கொடுத்தார்கள். காஸ் இருக்கிற வண்டியை எதற்குத் தள்ளுகிறோம் என்று ஒருவர் கேட்டார். உள்ளே கேக் தூங்குகிறது என்றான் அவன். அவர்கள் பைத்தியத்தை வீடு சேர்க்கும் முகத்தோடு தள்ளினார்கள்.

வண்டி நடக்கும் வேகத்தில் போனது. பின்னால் ஹாரன் கூட்டம். சைக்கிளில் வந்த ஒருவர் ஜன்னலோரம் வேகத்தைக் குறைத்து, வாசனை பிடித்துவிட்டுப் போனார். அவள் பிரேக்கைப் பூவைத் தொடுவதுபோலத் தொட்டு, நூலகப் படிக்கட்டு முன்னால் நிறுத்தினாள். பதினொன்றுக்கு மூன்று நிமிடம். மேல் புத்தகம் மட்டும் ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தது. எடுத்துப் படித்துவிட்டு வைத்தமாதிரி இருக்கிறது, விட்டுவிடலாம் என்றாள் நாத்தனார். விட்டுவிட்டார்கள்.

வாசிப்பு அறையில் முப்பது பேர் இருந்தார்கள். பேச்சுகள் சுருக்கமாக முடிந்தன. தலைமை நூலகர் முதல் புத்தகத்தை வெட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். அவள் செய்தித்தாள் மேசைக்குப் பின்னால் நின்று துணை நூலகரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண்மணி, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். அவர் தட்டில் மேல் புத்தகங்களிலும் அடிப் புத்தகத்திலும் ஒரு துண்டு இருந்தது. முதல் கரண்டியை மெதுவாகச் சாப்பிட்டார். இரண்டாவதை அதைவிட மெதுவாக. பிறகு தட்டோடு நேராக அவளிடம் வந்தார்.

"உள்ளதைச் சொல்லலாமா?"

அவள் தலையாட்டினாள்.

"இனிப்பு தூக்கல். மேல ரெண்டு புத்தகம் பதமா வெந்திருக்கு. அடியில இருக்கறது கொஞ்சம் ஈரம்."

நாத்தனாருக்குச் சுருக்கென்றது. பிரமாதமாகத்தானே இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவள் பின்னாலிருந்து நாத்தனாரின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எந்த இடத்துல ஈரம்?" என்று துணை நூலகரைக் கேட்டாள். "நடுவிலயா?"

துணை நூலகர் யோசித்தார். ஞாபகத்திலிருந்து சொல்ல விரும்பவில்லைபோல. மேசைக்குத் திரும்பிப் போய், அடிப் புத்தகத்தில் இன்னொரு துண்டு வெட்டி எடுத்துவந்தார். பெரிய துண்டு. நின்றபடி முழுவதையும் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"நடுவில மட்டும்தான். ஓரம் நல்லா இருக்கு. அடுத்த மாசம் எங்க புக் பைண்டர் ஓய்வு பெறுறார். அதுக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?"

அவள் இரவல் பதிவு மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

"அவருக்கு எத்தனை புத்தகம்?" என்று கேட்டாள்.