ஜோசலினின் கனைப்பு

கல்லறைக் கல்லில் என்ன செதுக்குவது என்று கேட்டு, பம்மலிலிருந்து கேசவன் மறுபடியும் போன் செய்தார். "சார், ஞாயித்துக்கெழம ஜெபத்துக்குக் கல்லு வேணும்னா இன்னிக்கே சொல்லிடுங்க. அப்பால பேஜாராயிடும்." சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போன வாரமும் இதையேதான் சொன்னேன்.

என் மனைவி ஜோசலின் சேலையூரில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தாள். யார் வார்த்தையை மாற்றிச் சொன்னாலும் தொண்டையைக் கனைப்பாள், அவ்வளவுதான். அஃபெக்ட்டா எஃபெக்ட்டா என்று நான் தடுமாறாத நாள் கிடையாது. அடுப்படியிலிருந்து கனைப்பு வரும். ஆலயத்தில் போதகர் தவறினால்கூடக் கனைப்பாள், எனக்கு மானம் போகும். சரியாகப் பேசினால் ஒரு பாராட்டு உண்டா? மூச்சு விடமாட்டாள்.

அப்படிப்பட்டவள் தலைமாட்டில் தப்பாக எழுதிவைத்தால் சும்மா விடுவாளா என்று சொல்லியே நாளைக் கடத்தினேன். போனில் பார்த்துத் தருகிறேன் என்றாள் மகள் ஜெரூஷா. எரிந்து விழுந்தேன். சரியான வாசகம் எனக்குத் தெரியாமலா? அதைச் சொன்னால் கல் வந்துவிடும். கல் வந்துவிட்டால் அவள் போனது போனதுதான். எனக்கு அந்தப் பயம்.

"அப்பா, அம்மா பேரே இல்லாம அந்த இடம் மொட்டையா கிடக்கு. என்னால பாக்க முடியல," என்று சொல்லிவிட்டு ஜெரூஷா துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

வீட்டில் நான் மட்டும். கடைசியாக ஒரு தடவை ஜோசலினைக் கூப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அடுப்படியைப் பார்த்து வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன். "ஹியர் லேஸ் ஜோசலின்." லே பண்ணுவது முட்டையிடும் கோழி, படுத்திருக்கும் மனுஷருக்கு லை என்று எத்தனை தடவை என்னைத் திருத்தியிருப்பாள்! சத்தமில்லை. பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் உரக்கச் சொன்னேன். ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். நிஜமாகவே போய்விட்டாள்.

கேசவனைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"ஹியர் லைஸ் ஜோசலின்."

அடுப்படியில் அதே அமைதி. அவள் இருந்தபோதும், நான் சரியாகச் சொன்னால் இப்படித்தான் இருக்கும்.

"சார், லைன்ல கீறீங்களா?" என்றார் கேசவன்.

போனைக் காதில் வைத்தபடி அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.