மெலிந்த தண்ணீரில் நாற்பத்தெட்டு மடிப்பு

பன்னிரண்டு எங்கே, நாற்பத்தெட்டு எங்கே! பியூலா இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தாள்.

ஒரே புரதம், ஒரே மாதிரிக் கணினி, அதே இரண்டு மாதம். அவளுடைய கணினி உருவகத்தில், தண்ணீரில் விட்ட புரதச் சங்கிலி பன்னிரண்டு முறை மடிந்து தன் உருவத்துக்கு வந்தது. உடன் ஆராயும் ஸ்ரீராம்குமாரிடம் நாற்பத்தெட்டு முறை. கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தது. மாலைக்குள் அவள் கையெழுத்திட வேண்டும். எண் பொய்யென்றால் முனைவர் பட்டத்தோடு மானமும் போகும்.

நாரணாபுரத்தில் அவள் அம்மா ஜெயசீலி பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டிய கம்பெனியில், யாருடைய எண்ணிக்கை திடீரென ஏறினாலும் போர்மேன் முதலில் பசைச் சட்டியில்தான் விரலை விடுவார். பசையில் தண்ணீர் கூடினால் சுருட்டும் கை வழுக்கிக்கொண்டு ஓடும்.

பியூலாவும் சட்டியில் விரலை விட்டாள். ஸ்ரீராம்குமாரின் உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தாள். தண்ணீர் மூலக்கூறின் எடை நூறில் ஒரு பங்காக இருந்தது.

“ஏலே ஸ்ரீராமு, தண்ணிய என்ன செஞ்ச?”

“மெலிசாக்குனேன். எடை நூறுல ஒண்ணுன்னா பாகுத்தன்மை பத்துல ஒண்ணு. புரதத்தத் தொடல தாயி. எல்லாரும் செய்யுறதுதான்.”

அது உண்மை. தண்ணீர் மெலிந்தால் இழுவை குறையும், சங்கிலி சீக்கிரம் மடியும். போய்ச் சேரும் உருவம் மாறாது.

“அப்ப ஏன் கட்டுரையில சொல்லல?”

அவளுக்குச் சந்தேகம் தணியவில்லை. கட்டுரையை மறுபடி படித்தாள். மெலிந்த தண்ணீரில் ஒரு மடிப்புக்குச் சராசரி ஒன்றரை மைக்ரோ நொடி. அதைப் பத்தால் பெருக்கி, சாதாரணத் தண்ணீரில் பதினைந்து என்று எழுதியிருந்தான்.

“நான் சாதாரணத் தண்ணியிலதான ஓட்டுனேன்? எனக்கு ஆறு மைக்ரோ நொடி. அத எங்க?”

“பன்னெண்டே பன்னெண்டு தடவ... கொஞ்சம்னு விட்டுட்டேன்.”

“பதினைஞ்சுக்கு இடிக்குதுன்னு விட்டுட்ட.”

அவள் திரையில் அந்தப் பதினைந்தைத் தட்டிக் காட்டினாள்.

“பசையப் பத்து மடங்கு தண்ணியாக்குனா எங்கம்மா பத்து மடங்கா சுருட்டும்? கைக்குன்னு ஒரு வேகம் இருக்குல்ல? சங்கிலியும் தனக்குள்ளயே உரசிக்கிடுதுப்பா. தண்ணி மெலிய மெலிய அந்த உரசல்தான் பிடிச்சு இழுக்கும். பத்து மடங்கு மெலிசு, வேகம் நாலே மடங்கு. நம்ம கண்டுபிடிப்பே அதான், கூறுகெட்டவனே!”

அவன் பதினைந்தை அழித்து ஆறு என்று எழுதினான். மெலிந்த தண்ணீரைப் பற்றி ஒரு பத்தியும் சேர்த்தான்.

“இப்பவாச்சும் கையெழுத்துப் போடுவியா?”

“போடுறேன்.” பேனாவின் மூடியைத் திறக்காமலே கேட்டாள்: “ஒன்னோட மிச்சக் கோப்பெல்லாம் எங்க இருக்கு?”