சொட்டு நீர் வேண்டாத தோட்டம்

வாசலில் 'தடால்' என்று ஏதோ வந்து விழுந்தது. அடுப்படியில் இருந்தவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

கேட்டுக்கு உள்ளே ஒரு சாக்கு நிறையச் செத்த செடிகள் வேரும் மண்ணுமாகச் சரிந்து கிடந்தன. கொட்டியவர் எதிர்வீட்டுப் பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும்போதுகூட அந்த முகம் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. அவருக்குப் பின்னால் தெருச் சங்கத்தின் தலைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எங்கம்மா உங்க வீட்டுக்காரர்? அந்த மேதையைக் கொஞ்சம் வெளியில வரச் சொல்லுங்க!" என்று டாக்டர் கத்தினார்.

"குளிச்சிட்டிருக்கார்."

"ஓ! அவருக்கு மட்டும் தண்ணி வேணுமாக்கும்!" என்றார் டாக்டர்.

மேதை ஓய்வு பெறுவதற்கு முன் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தார். இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று காரணம் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆயுள் முழுக்கக் குற்றம் கண்டுபிடித்த கண், வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருக்குமா? நேராக அடுப்படிக்கு வந்தது. வெங்காயத்தை ஏன் நீளமாக நறுக்குகிறாய், அந்த மூடியை ஏன் இந்தப் பாத்திரத்தில் போடுகிறாய் என்று ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு விசாரணை. ஒரு நாள் மசாலா டப்பாக்களை எல்லாம் அகர வரிசையில் அடுக்கி வைத்தார். அன்று மிளகாய்த்தூளைத் தேடி எடுப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்தது. அதற்கும் அவளைத்தான் குறை சொன்னார்.

அப்புறம் ஒரு நல்ல நாளில் யாரோ ஒரு புண்ணியவான் போட்ட வீடியோவை அவர் செல்போனில் பார்த்துத் தொலைத்தார். தேனீக்கள் அழிகின்றன, புல்தரை தண்ணீரைக் குடிக்கிறது, இந்த மண்ணிலேயே பிறந்த செடிகளை வையுங்கள் என்றது வீடியோ. அன்றே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்பக்கத்துப் புல்தரையைக் கொத்தப் போய்விட்டார். தும்பை, நொச்சி, ஆவாரை என்று வரிசையாக நட்டார். உலகத்துத் தேனீக்கள் பிழைத்தனவோ என்னவோ, அடுப்படியில் அவள் பிழைத்தாள்.

"இதெல்லாம் வறட்சியைத் தாங்கற செடி. இதுக்குப் போய் தண்ணி ஊத்தறது, மீனுக்கு நீச்சல் கத்துக்கற டியூப் மாட்டி விடற மாதிரி," என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னார்.

புதிதாக நட்ட செடி வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணீர் கேட்கும் என்பதை அந்த வீடியோ கடைசியில் சொல்லியிருந்தது. அவர்தான் எதையும் கடைசி வரை கேட்கும் பழக்கம் இல்லாதவராயிற்றே.

செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. அவரும் தொங்கப் போட்டுக்கொண்டு ஸ்டூலோடு அடுப்படிக்குத் திரும்பினார்.

"ஆமா, நீ பருப்பை எதுல அளக்கற?"

அது போதும் அவளுக்கு. மறுநாள் காலை, அவர் நடைக்குப் போனதும், காய் கழுவிய தண்ணீரை வாளியில் எடுத்துப் போய்ச் செடிகளுக்கு ஊற்றினாள். அதற்கு அடுத்த நாளும் ஊற்றினாள். அதுவே வழக்கமாயிற்று.

தோட்டம் எழுந்து நின்றது. பூ வந்தது, தேனீ வந்தது, பட்டாம்பூச்சி வந்தது. கூடவே மனுஷனுக்குத் தலைக்கனமும் வந்தது. 'சொட்டு நீர் வேண்டாத தோட்டம், தேனீக்களே வருக' என்று பலகை எழுதி மாட்டினார், என்னவோ தேனீ எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு உள்ளே வரும் என்கிற மாதிரி. தெருவே அவருக்குப் 'பட்டாம்பூச்சி' என்று பெயர் வைத்தது. அதைப் பட்டமாக எடுத்துக்கொள்ள அவர் ஒருவரால்தான் முடியும். ஈர மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, "காத்துல இருக்கற ஈரத்தை அப்படியே இழுக்குது பாத்தியா?" என்பார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

வாளி ஒரு நாள் ஓட்டையானது. மறுநாளே பின்கட்டில் புது வாளி உட்கார்ந்திருந்தது. "தள்ளுபடியில கெடச்சுது," என்றார். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது தினமும் போன். "எப்ப வர்ற? இல்ல, செடியெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு. அதான், எப்ப வர்ற?" பாசம் பொங்குகிறதாக்கும் என்று அக்கா கேலி செய்தாள்.

அவர் பேச்சை நம்பித் தெருவில் பாதி வீடுகள் புல்லைக் கொத்திப் போட்டுச் செடி நட்டன. சங்கத்துப் பூங்காவையும் அவர் பொறுப்பில் விடுவதாக இருந்தது. இன்று சாயங்காலம் கூட்டம். பூங்கா கிடைத்தால் மனுஷன் பொழுதுக்கும் அங்கேதான் கிடப்பார். அந்த ஒரு நினைப்பிலேயே அவள் நாலு நாளாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவர் தலையைத் துவட்டியபடி வந்தார்.

"என்ன டாக்டர், காலங்காத்தால?"

"உங்க பேச்சைக் கேட்டு ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சு. செடி நட்ட வீட்டுல ஒண்ணு பாக்கியில்ல!"

"மண்ணை இறுக்கிட்டீங்க போலிருக்கு."

"இறுக்கினேனா? உங்க தோட்டம் மட்டும் எப்படி சார் ஜம்முனு இருக்கு?"

"அதுக்கெல்லாம் கை ராசி வேணும் டாக்டர்."

தலைவிக்குப் பொறுமை போயிற்று. "இந்தக் கை ராசியை நம்பித்தான் பூங்காவைக் குடுக்கணுமா? பிள்ளைங்க விளையாடற இடம் சார்!"

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்தால் பூங்கா போகும், ஸ்டூல் திரும்பி வரும். டப்பாக்கள் மறுபடி அகர வரிசைக்குப் போகும். திறக்காவிட்டாலோ பூங்காவில் ஒரு செடி மிஞ்சாது. காய்ந்த தும்பை ஒன்று அவள் காலடியில் கிடந்தது. இவர் ஒருவரின் வாய்க்கு இன்னும் எத்தனை செடி சாக வேண்டும்?

"அவரைக் கேக்காதீங்க," என்றாள். "தண்ணி ஊத்தினேன். நான்தான். செடி வாடினதுலேர்ந்து, தினமும், அவர் வாக்கிங் போன பிறகு."

டாக்டர் வாயைப் பிளந்தார். தலைவி பலகையைப் பார்த்தாள், பிறகு பலகை எழுதியவரைப் பார்த்தாள்.

அந்த முகம் சுருங்கிப் போகும் என்று அவள் எதிர்பார்த்தாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. முகத்தில் ஒன்றும் சுருங்கவில்லை. அவர் துண்டின் நுனியால் காதைக் குடைந்துகொண்டு, டாக்டரை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்துக் கேட்டார்:

"ஏன் டாக்டர், உங்க வீட்டுல அப்படி ஊத்தறதுக்கு ஆளே இல்லையா?"